துறைமுகத்தில் ஓர் இரவு! உல்லாசக் கப்பல் தங்கினால் என்னென்ன நடக்கும்?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கடற்கரை நிலையம் வந்துவிடும். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ராஜாஜி சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் துறைமுகம். சில நாட்களில் அங்கே பத்து மாடிக் கட்டடம் போல வெள்ளை வெளேரென்று ஒன்று நிற்கும். பொழுது சாய்ந்தால் அதன் சன்னல்களில் எல்லாம் விளக்கு எரியும்.

அது கட்டடம் அல்ல. கப்பல்!

சரக்கு ஏற்றும் கப்பலும் அல்ல. ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்றே ஓடுகிற உல்லாசக் கப்பல்.

உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் காலையில் ஒரு துறைமுகத்துக்கு வரும். மாலையில் புறப்பட்டுவிடும். இரவெல்லாம் ஓடி, பொழுது விடியும்போது அடுத்த ஊரில் நிற்கும். ஆனால் சில ஊர்களில் மட்டும் அப்படிப் புறப்படுவதில்லை. அங்கேயே இரவு தங்கிவிட்டு மறுநாள்தான் கிளம்பும்.

அப்படித் தங்குகிற இரவில் என்ன நடக்கிறது? பயணிகள் எங்கே போகிறார்கள்? கப்பலில் வேலை செய்பவர்கள் என்ன செய்கிறார்கள்? நேரம் தவறியவர்களின் கதி என்ன? முதல் தடவையாகக் கப்பல் ஏறப் போகிற குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் இதில் பல இருக்கின்றன.

துறைமுகம் இல்லாத பட்டணம்

ஒரு காலத்தில் சென்னைக்கு வந்த கப்பல்கள் எல்லாமே கடலில்தான் இரவைக் கழித்தன. காரணம், சென்னைக்குத் துறைமுகமே கிடையாது! கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆட்களையும் சரக்குகளையும் மசூலாப் படகுகள் கரைக்குக் கொண்டுவரும். இந்தப் படகுகளில் ஆணி இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் படகு வளைந்து கொடுக்கும், உடையாது. ஆனாலும் கரை சேருமுன் துரைமார்களும் துரைசானிகளும் உப்புத் தண்ணீரில் நனைந்துவிடுவார்கள்.

1876-ல் துறைமுகம் கட்டும் வேலை ஆரம்பமாயிற்று. முடியப் போகும் சமயத்தில், 1881-ல், ஒரு பெரும் புயல் வந்து அலைத்தடுப்புச் சுவர்களை உடைத்துப் போட்டது. சளைக்காமல் மறுபடியும் கட்டினார்கள். 1904-ல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர், துறைமுகத்தின் வாசலையே கிழக்கிலிருந்து வடகிழக்குப் பக்கம் மாற்றி அமைத்தார். அதன் பிறகுதான் கப்பல்கள் உள்ளே வந்து அலைக்குப் பயப்படாமல் நிற்க முடிந்தது.

1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்று முதல் தென் புறநகர்வாசிகளுக்கும் துறைமுகத்துக்கும் ஒரே ரயில் தூரம்.

அந்தத் தலைமுறைக்குக் கப்பல் என்றால் "ரஜூலா"தான். 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட அந்தக் கப்பல், ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்தது. பெரும்பாலான பயணிகளுக்கு அறை கிடையாது. மேல்தளத்தில் பாயை விரித்துப் படுக்க வேண்டியதுதான். பிறகு "சிதம்பரம்" என்ற கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அதோடு சிங்கப்பூர் கப்பல் பயணம் நின்றது.

அன்று கப்பலில் போனவர்கள் பிழைப்புக்காகப் போனார்கள். இன்று போகிறவர்கள் பொழுதுபோக்குக்காகப் போகிறார்கள்.

2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து "எம்பிரஸ்" என்ற உல்லாசக் கப்பலை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 1990-ல் பிரான்ஸ் நாட்டில் கட்டிய கப்பல் அது. நீளம் ஏறத்தாழ 210 மீட்டர். 11 தளங்கள். மறு ஆண்டு, 2023 ஜூன் 5-ந் தேதி, அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று இடங்களுக்கு அந்தப் பயணம். அன்றே சென்னைத் துறைமுகத்தில் ரூ.17.21 கோடி செலவில் அமைத்த உல்லாசக் கப்பல் பயணிகள் முனையமும் திறக்கப்பட்டது. மத்திய அமைச்சர் சர்வானந்த சோனோவால் திறந்துவைத்தார்.

பாட்டியின் கேள்வி

குரோம்பேட்டையில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. எல்லாருமாகக் கப்பலில் ஒரு வாரம் போய் வரலாம் என்று திட்டம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பயண அட்டவணையைப் பையன் உரக்கப் படிக்கிறான். "மூன்றாம் நாள், இரவு துறைமுகத்தில் தங்கல்" என்கிறான்.

பாட்டி உடனே கேட்கிறாள்: "கப்பல் ஓடுவதற்குத்தானே காசு கொடுக்கிறோம்? நின்றுகொண்டிருப்பதற்கு எதற்குக் காசு?"

நியாயமான கேள்விதான். இதற்கு விடை ஊருக்கு ஊர் வேறுபடும்.

முதல் காரணம், தூரம். துறைமுகம் ஓரிடத்திலும் ஊர் வேறோர் இடத்திலும் இருக்கும். பாங்காக் போகும் பெரிய கப்பல்கள் லேம் சாபாங் என்ற துறைமுகத்தில் நிற்கின்றன. அங்கிருந்து பாங்காக் 100 கிலோ மீட்டருக்கும் அதிகம். ரோமாபுரிக்குப் போகிறவர்கள் சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகத்தில் இறங்க வேண்டும். போக வரவே பாதி நாள் போய்விட்டால், ஊரைப் பார்ப்பது எப்போது?

இரண்டாவது காரணம், ஊரின் வழக்கம். இதற்குச் சென்னையே நல்ல உதாரணம். காலை 7 மணிக்குக் கப்பல் வருகிறது. சோதனைகள் முடிந்து பயணிகள் வெளியே வர 9 மணி ஆகிவிடுகிறது. அன்று மாலையே கப்பல் புறப்படுவதாக இருந்தால், 4 மணிக்கெல்லாம் திரும்பிவிட வேண்டும். கையில் இருப்பது 7 மணி நேரம். மாமல்லபுரம் துறைமுகத்திலிருந்து 60 கிலோ மீட்டர் அளவு. போக வர மூன்று, நான்கு மணி நேரம் சாலையிலேயே கழிந்துவிடும்.

சரி, மயிலாப்பூர் கோயிலையாவது பார்க்கலாம் என்றால், நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும்! மாலை 4 மணி வாக்கில்தான் திறப்பார்கள். அதே நேரத்தில் கப்பல் ஏணியை எடுக்கக் காத்துக்கொண்டிருக்கும். காஞ்சிபுரத்துக் கோயில்களிலும் இதே கதைதான். நம் ஊரின் அழகே மாலைக்கு மேல்தான் ஆரம்பமாகிறது. விளக்கேற்றிய சன்னிதி, பூக்கடை, மெரினாக் காற்று, மார்கழியில் சங்கீதக் கச்சேரி... பகலில் வந்து மாலையில் போகிறவனுக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்காது.

கப்பல் ஓர் இரவு தங்கினால் கணக்கே மாறிவிடும். முதல் நாள் மாலை மயிலாப்பூர். மறுநாள் விடியற்காலையில் மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலின் பெரிய சன்னிதி கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறது. காலை வெயில் அதன் மேல் விழுவதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

பாட்டிக்கு இதுதான் பதில்: கப்பல் நிற்பதற்காகக் கொடுக்கிற காசு அல்ல, ஊரைப் பார்க்க நேரம் வாங்குவதற்காகக் கொடுக்கிற காசு!

மஞ்சள் கொடி

வெளிநாட்டிலிருந்து ஒரு கப்பல் வந்தால் அதன் கம்பத்தில் மஞ்சள் கொடி பறக்கும். "எங்கள் கப்பலில் தொற்று நோய் இல்லை, உள்ளே வர அனுமதி தாருங்கள்" என்று அதற்கு அர்த்தம். சுகாதார அதிகாரிகள் சம்மதித்த பிறகுதான் கொடி இறங்கும். அடுத்து சுங்க அதிகாரிகள், குடியேற்ற அதிகாரிகள். எல்லாரும் சரி என்று சொன்ன பிறகே பயணிகள் இறங்கலாம். அதனால், கப்பல் கரையைத் தொட்டவுடன் ஓடி இறங்கிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வெளிநாடு என்றால் விசா கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். கப்பலிலேயே தூங்குவதால் விசா வேண்டாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. ஊருக்குள் கால் வைக்கப் பல நாடுகளில் விசா வேண்டும். டிக்கெட் வாங்கும்போதே விசாரித்துவிட வேண்டும். இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டவர்கள் இ-விசாவோடு வந்திறங்கக்கூடிய துறைமுகங்களில் சென்னையும் ஒன்று.

பயணிகள் ஒவ்வொருவருக்கும் கப்பலில் ஒரு அட்டை கொடுப்பார்கள். அறைக்குச் சாவி அதுதான். கடையில் கணக்கு எழுதுவதும் அதில்தான். கப்பலை விட்டு இறங்கும்போதும் ஏறும்போதும் வாசலில் அந்த அட்டையைக் காட்ட வேண்டும். இயந்திரம் "டிங்" என்று ஒலிக்கும்; திரையில் பயணியின் படம் தெரியும். யார் உள்ளே, யார் வெளியே என்ற கணக்கு ஒரு நொடியில் கிடைத்துவிடும். இரவு தங்கும்போது அந்த வாசல் மூடுவதே இல்லை. நள்ளிரவில் திரும்பி வந்தாலும் காவலர் விழித்திருப்பார்.

ஊருக்குள் சொந்தக்காரர் வீட்டிலோ விடுதியிலோ தங்கிவிட்டு மறுநாள் வரலாமா? பல கப்பல்களில் அனுமதி உண்டு. ஆனால் கப்பல் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் போனால், ஆளைக் காணோம் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

எலிக்குத் தடை!

கரையில் நிற்கிற கப்பலைப் பார்க்கும் குழந்தைகள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "கப்பல் கயிற்றில் வட்டமாகத் தட்டு மாட்டியிருக்கிறதே, அது என்ன?"

அது எலித்தடை! எலிகள் கயிற்றின் மேலேயே நடந்து கரையிலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து கரைக்கும் போய்விடும். ஒரு காலத்தில் பிளேக் நோய் ஊர் விட்டு ஊர் பரவியதற்கு எலிகள்தான் காரணம். ஓர் இரவு முழுவதும் கயிறு கட்டி நிற்கிற கப்பலுக்கு இந்தத் தட்டு மிகவும் அவசியம்.

கடல் நீர் ஏறி இறங்குவதால் கப்பலும் மெல்ல ஏறி இறங்கும். சென்னையில் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். சில நாடுகளில் பல மீட்டர் இருக்கும். மாலையில் இறங்கிய ஏணி காலையில் வேறு தளத்தில் இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். வயதானவர்கள் ஏணியில் இறங்கும்போது கைப்பிடியை விடக்கூடாது.

பூட்டிய கடைகள்

துறைமுகத்தில் நிற்கும்போது கப்பலில் உள்ள வரியில்லாக் கடைகளும் சூதாட்டக் கூடமும் மூடிக் கிடக்கும். நடுக்கடலில் ஓடும்போது நடக்கிற வியாபாரம் வேறு. ஒரு நாட்டின் எல்லைக்குள் நிற்கும்போது அந்த நாட்டின் சட்டம் வேறு. சுங்க அதிகாரிகள் மது, சிகரெட் சரக்கறையைப் பூட்டி முத்திரை வைத்துவிடுவதும் உண்டு. எனவே, பேரனுக்கு வாசனைத் தைலம் வாங்க நினைத்தால் கப்பல் கடலில் ஓடுகிற நாளில் வாங்கிவிட வேண்டும்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பலர் ஊருக்குள் போயிருப்பார்கள். சாப்பாட்டு மண்டபத்தில் கூட்டம் குறைவு. நீச்சல் குளத்திலும் இடம் தாராளம். கப்பல் ஆடாது. கடல் ஒத்துக்கொள்ளாமல் இரண்டு நாள் படுத்திருந்தவர்களுக்கு அன்று நிம்மதியான தூக்கம். கப்பலிலேயே அன்றைய நிகழ்ச்சிக்கு உள்ளூர்க் கலைஞர்களை அழைப்பதும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. துறைமுகப் பக்கம் அறை கிடைத்தவர்கள் இரவில் அமைதியை எதிர்பார்க்கக் கூடாது. பாரந்தூக்கிகள் ஓடும், லாரிகள் வரும், விளக்குகள் பகல் போல எரியும். சென்னைத் துறைமுகத்தில் முன்பு நிலக்கரித் தூசும் இரும்புத் தாதுத் தூசும் பறக்கும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் அந்தச் சரக்குகளைக் கையாள்வது நின்றது. வெள்ளைக் கப்பல் வெள்ளையாகவே நிற்க அதுவும் ஒரு காரணம்.

கரையிலிருந்து கப்பலுக்குத் திரும்பும்போது பைகளைச் சோதிப்பார்கள். இஸ்திரிப் பெட்டி கூடாது. ஊதுவத்தி, கற்பூரம், மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது. கடலில் தீயைப் போலப் பகைவன் வேறு இல்லை. "சிதம்பரம்" கப்பலின் கதையை அறிந்தவர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டி அறையில் கைகூப்பிக் கும்பிடலாம், விளக்கேற்ற வேண்டாம்.

மணி அடித்தால்...

கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது திடீரென்று மணி அலறும். ஏழு முறை குட்டையாக, ஒரு முறை நீளமாக! சிப்பந்திகள் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு ஓடுவார்கள். பயப்பட வேண்டாம். "இது சிப்பந்திகளுக்கான ஒத்திகை" என்று முதலிலேயே ஒலிபெருக்கியில் சொல்லியிருப்பார்கள். பயணிகள் கப்பலில் வாரந்தோறும் இப்படி ஒத்திகை நடத்த வேண்டும் என்பது உலகச் சட்டம். கப்பல் நிற்கிற நாள் அதற்கு வசதியான நாள்.

பயணிகளுக்கும் ஓர் ஒத்திகை உண்டு. எந்த இடத்தில் கூட வேண்டும், மிதவைச் சட்டையை எப்படி மாட்ட வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். 2012 ஜனவரி 13-ந் தேதி இத்தாலி நாட்டுக் கரையோரம் "கோஸ்டா கன்கார்டியா" என்ற பெரிய கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறிய பயணிகளுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதன் பிறகு சட்டத்தை இறுக்கினார்கள். கப்பல் புறப்படுவதற்கு முன்போ, புறப்பட்ட உடனேயோ ஒத்திகை முடிந்தாக வேண்டும். ஏறிய ஊரிலேயே முதல் இரவு தங்குகிற கப்பலானாலும், ஒத்திகை முடியாமல் பயணம் இல்லை. "எனக்குத் தெரியும்" என்று அறையில் படுத்துக்கொள்வது புத்திசாலித்தனம் அல்ல.

கடிகாரம் ஏமாற்றும்!

இரவு தங்கும் கப்பலில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அது அலட்சியம். "கப்பல் நாளைக்குத்தானே போகிறது" என்ற நினைப்பில் மறுநாள் நேரத்தைக் கோட்டை விடுகிறவர்கள் உண்டு.

அட்டவணையில் இரண்டு நேரங்கள் இருக்கும். ஒன்று கப்பல் புறப்படும் நேரம். மற்றொன்று, எல்லாரும் கப்பலுக்குள் இருக்க வேண்டிய நேரம். இரண்டாவதுதான் முக்கியம். அது புறப்படும் நேரத்துக்கு அரை மணி அல்லது ஒரு மணி முன்னதாக இருக்கும்.

இன்னொரு சிக்கல், கப்பல் நேரம். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். சிங்கப்பூரோ நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. சில கப்பல்கள் ஊருக்கு ஊர் கடிகாரத்தை மாற்றும். சில மாற்றாமலே ஓடும். கைபேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், கைக்கடிகாரம் மாறாது. எதை நம்புவது? ஒவ்வோர் இரவும் அறைக்கு வருகிற கப்பல் செய்தித்தாளை நம்ப வேண்டும். மறுநாள் நேரம், துறைமுகத்தில் உள்ள கப்பல் முகவரின் தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது.

கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாக வாடகைக் கார் பிடித்துப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. கரையில் கயிற்றை அவிழ்த்துவிட்டால் அவிழ்த்ததுதான். விட்டுப் போனவர் தன் செலவில் அடுத்த துறைமுகத்துக்கு விமானத்திலோ ரயிலிலோ போய்ச் சேர வேண்டும். பல கப்பல்களில், வராத பயணியின் பாஸ்போர்ட்டை அறையிலிருந்து எடுத்துத் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். "கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே" என்பது பழமொழி. கப்பல் போய்விட்டாலும் அப்படித்தான். உடனே முகவரைத் தேடிப் போக வேண்டும்.

கடலில் போகும்போது கைபேசியில் பேசினால் கட்டணம் எக்கச்சக்கம். செயற்கைக்கோள் வழியாகப் போகிற பேச்சு அது. துறைமுகத்தில் நிற்கும்போது கரைக் கோபுரமே கிடைக்கும். வீட்டுக்குப் பேச வேண்டியதை அன்று பேசிவிடலாம்.

தூங்காதவர்கள்

பயணிகள் ஊர் சுற்றுகிறார்கள். கப்பல் ஓய்வெடுக்கிறது. ஆனால் கப்பலில் வேலை செய்பவர்கள்?

அவர்களுக்கு அன்றுதான் வேலை அதிகம். காய்கறி, அரிசி, பால், முட்டை எல்லாம் லாரிகளில் வந்து இறங்கும். குப்பை வெளியேற வேண்டும். எண்ணெய் நிரப்ப வேண்டும். ஓடும்போது தொட முடியாத இயந்திரங்களைப் பழுது பார்க்க வேண்டும். கப்பல் நின்றாலும் மின்சாரம் நிற்கக் கூடாது. விளக்கு, குளிர்சாதனம், சமையலறை எல்லாவற்றுக்கும் கப்பலின் மின்சார இயந்திரங்கள் இரவெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும்.

தீயோ வேறு ஆபத்தோ வந்தால் சமாளிக்க, குறிப்பிட்ட அளவு சிப்பந்திகள் எப்போதும் கப்பலிலேயே இருந்தாக வேண்டும். மற்றவர்கள் முறை போட்டுக் கரைக்கு இறங்குவார்கள். மாலுமிகளுக்கு 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று உலகக் கடல் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. 2015-ல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது.

பகலில் வந்து மாலையில் புறப்படும் ஊர்களில் சமையல்காரரும் அறை துடைப்பவரும் கரையை எட்டிப் பார்ப்பதோடு சரி. இரவு தங்கினால்தான், வேலை முடிந்த பிறகு இரண்டு மணி நேரமாவது மண்ணில் நடக்க முடியும். வாசலுக்கு வெளியே வந்ததும் அவர்கள் செய்கிற முதல் வேலை என்ன தெரியுமா? வீட்டுக்குப் பேசுவது!

இது தென் புறநகர்வாசிகளுக்குத் தூரத்துச் செய்தி அல்ல. தரமணியில் மத்திய அரசின் ஓட்டல் நிர்வாகக் கல்வி நிலையம் இருக்கிறது. செம்மஞ்சேரியில் 2008-ல் தொடங்கிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கானத்தூரிலும் கப்பல் படிப்பு சொல்லித் தருகிறார்கள். அங்கெல்லாம் படித்த பிள்ளைகள் கப்பல் வேலைக்குப் போகிறார்கள். ஒரு தடவை ஏறினால் பல மாதம் கழித்துத்தான் வீடு.

அப்படி ஒரு பிள்ளை வேலை பார்க்கிற கப்பல் சென்னையிலேயே ஓர் இரவு தங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். தாம்பரத்தில் அம்மா, 30 கிலோ மீட்டர் தூரத்தில் பிள்ளை. அவன் முறை வேலை முடிய வேண்டும். கப்பலில் அனுமதி கிடைக்க வேண்டும். அதிகாரிகள் சோதனை முடிய வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தால், துறைமுக வாசலில் கொஞ்ச நேரம் பார்த்துப் பேசலாம். சம்படத்தில் கொண்டுவந்த புளியோதரையைக் கொடுக்கலாம். அமையாவிட்டால், கடற்கரை நிலையத்துப் பக்கம் நின்று கப்பலின் விளக்கைப் பார்த்துவிட்டுக் கடைசி ரயிலுக்குள் திரும்ப வேண்டியதுதான்.

பகலோடு போய்விடுகிற கப்பலில் அந்த வாய்ப்புக்கூடக் கிடையாது.

புறநகருக்கு என்ன லாபம்?

கப்பல் ஓர் இரவு தங்கினால் அதன் பயனைத் துறைமுகம் மட்டும் அனுபவிப்பதில்லை. பயணிகளின் பேருந்துகள் அடையாறு, திருவான்மியூர், நீலாங்கரை வழியாகத் தெற்கே போகின்றன. வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் 1966-ல் ஓவியர்கள் சேர்ந்து அமைத்த சோழமண்டலம் கலைக் கிராமம். முட்டுக்காட்டில் தென்னாட்டு வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து கட்டிய தட்சிணசித்ரா. வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. அப்புறம் மாமல்லபுரத்தில் உளி ஓசை கேட்கும் சிற்பக் கூடங்கள்.

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் பட்டு நெசவைப் பார்க்கிறார்கள். அவசரமாக வந்து போகிறவன் தறியைப் பார்த்துவிட்டுப் போவான். இரவு தங்குகிறவன் தறிக்காரரோடு உட்கார்ந்து பேசி ஒரு சேலையும் வாங்குவான். கார் ஓட்டுகிறவர், வழிகாட்டி, இளநீர்க்காரர், பூக்காரி எல்லாருக்கும் அந்த ஒரு மாலை தனி வரும்படி.

விமானத்தில் வந்து கப்பல் ஏறுகிறவர்களும், கப்பலில் வந்து விமானம் ஏறுகிறவர்களும் மீனம்பாக்கத்தைத் தொடாமல் போக முடியாது. விமான நிலையத்துக்கு அடுத்தாற்போல் பல்லாவரம். 1863-ல் ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியல் அறிஞர் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்த ஊர் அது. இந்தியாவின் பழைய கற்காலம் உலகுக்குத் தெரிந்தது அங்கேதான். தாம்பரத்தைத் தாண்டினால் வண்டலூர் மிருகக்காட்சி சாலை. இவையெல்லாம் பார்க்கத் தகுந்த இடங்கள்தான். பார்க்க நேரம்தான் வேண்டும்.

உல்லாசக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை 2029-க்குள் இரட்டிப்பாக்குவது என்று மத்திய அரசு 2024-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கப்பல்கள் வந்தால் மட்டும் போதாது. நின்று, தங்கிப் போக வேண்டும். தங்க வேண்டுமானால் ஊர் சுத்தமாக இருக்க வேண்டும். இரவிலும் பெண்கள் பயமில்லாமல் நடக்க வேண்டும். வாடகை வண்டிக்காரர் நியாயமான கூலி கேட்க வேண்டும். ஒரு பயணி ஏமாந்தால், அன்றிரவே கப்பல் சாப்பாட்டு மண்டபத்தில் நூறு பேருக்கு அந்தச் செய்தி தெரிந்துவிடும்!

கயிறு அவிழ்கிறது

மறுநாள் மாலை. ஒலிபெருக்கி முழங்குகிறது. வாசலில் கடைசி அட்டை "டிங்" என்கிறது. ஏணி மேலே ஏறுகிறது. இழுவைப் படகுகள் வந்து சேர்கின்றன. துறைமுகத்தின் வழிகாட்டி மாலுமி கப்பல் தலைவனுக்குப் பக்கத்தில் நின்று வழி சொல்கிறார். கரையில் இருப்பவர்கள் கனத்த கயிறுகளைக் கழற்றிவிடுகிறார்கள். எலித்தடைத் தட்டுகளும் போகின்றன.

குரோம்பேட்டைப் பாட்டி மேல்தளத்தில் நிற்கிறாள். வாங்கிய சுங்குடிச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தி அவளைப் பார்த்துச் சிரிக்கிறாள். பேச்சு தெரியாது. ஆனால் இருவருக்கும் ஒரே மாதிரி கால் வலி!

கீழே, முதல் நாள் அறை துடைத்த பையன் ஓரமாக நின்று கரையைப் பார்க்கிறான். கையில் கைபேசி. கோபுரத்தின் சமிக்ஞை குறைந்துகொண்டே வருகிறது. "சரி அம்மா, அடுத்த ஊரில் பேசுகிறேன்" என்கிறான்.

கப்பல் ஊதுகிறது. ராஜாஜி சாலையில் போகிறவர்கள் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்க்கிறார்கள். கடற்கரை நிலையத்தில் தாம்பரம் ரயிலும் புறப்படுகிறது.